படகில் கசிந்த எண்ணெயும் என் மெக்கானிக்கல் பட்டமும்

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு படகு ரிப்பேர் பார்க்கிறேன் என்று முதன்முதலில் சொன்னபோது, சென்னையில் இருக்கும் என் அண்ணன் போனிலேயே சிரித்தான். "எதுக்குடா படகு? மழை பெஞ்சா ரோட்டுல ஓட்டறதுக்கா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. இந்த ஊரில் படகைப் பற்றிப் பேசுகிறவனை யாரும் நம்புவதில்லை. எங்கள் குடியிருப்பிலும் என்னை நம்பாமல் இருந்திருந்தால் எனக்கும் நல்லது, அந்தப் படகுக்கும் நல்லது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஹெப்பகோடிப் பக்கம், ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. விற்கும்போது 'லேக் வியூ' என்றுதான் விற்றார்கள். குடிவந்து பால்கனியில் நின்று பார்த்தால் ஏரியைக் காணவில்லை. பச்சைப் பசேலென்று ஒரு கால்பந்து மைதானம்தான் தெரிந்தது. அத்தனையும் ஆகாயத்தாமரை. இரண்டு வருடம் மனு மேல் மனு போட்டு, அதை அகற்றிக்கொள்ள எங்கள் சங்கம் அனுமதி வாங்கியது. அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை தடித்த எழுத்தில் இருந்தது: ஏரியில் ஒரு சொட்டு எண்ணெய் கலந்தாலும் அனுமதி ரத்து.

கேரளத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய மோட்டார் படகை வாங்கி வந்தோம். அதன் மூக்கில் பெரிய சீப்பு மாதிரி ஓர் இரும்புச் சட்டத்தைப் பொருத்தினோம். அது செடியை வாரிக் கரைக்குத் தள்ளும். அந்தப் படகின் தொழில்நுட்பப் பொறுப்பு எப்படி என்னிடம் வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். குடியேறிய முதல் மாதம் லிஃப்ட் நின்றுபோனது. வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "மெக்கானிக்கல் இன்ஜினியர் என்ற முறையில் சொல்கிறேன்" என்று நானும் மூக்கை நுழைத்தேன். வாங்கிய பட்டம் பொய்யில்லை. ஆனால் வாங்கி முப்பது வருடமாகிறது. அதற்குப் பிறகு என் கைகள் கம்ப்யூட்டர் கீபோர்டைத் தவிர எதையும் தொட்டதில்லை. வீட்டில் ஜாம் பாட்டில் மூடியைக்கூட என் மனைவிதான் திறக்கிறாள். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு லிஃப்ட், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் என் தலையில் விழுந்தன. கடைசியாகப் படகும் விழுந்தது. நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாகவே இருந்தது.

படகின் ஸ்டியரிங் எண்ணெயால் வேலை செய்வது. சக்கரத்தைத் திருப்பினால், அதன் பின்னாலிருக்கும் சின்ன பம்ப் எண்ணெயைக் குழாய் வழியாகப் படகின் பின்பக்கம் தள்ளும். அங்கே ஒரு சிலிண்டர் அந்த அழுத்தத்தில் இன்ஜினை இடப்பக்கமோ வலப்பக்கமோ திருப்பும். எண்ணெய் ஊற்ற, சக்கரத்துக்கு மேலே பம்பின் உச்சியில் ஒரு கறுப்பு மூடி இருக்கும். மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. படகை விற்றவர் அந்தத் துளையைத் தொட்டுக் காட்டி, வெயிலைக் காட்டி, மலையாளத்தில் என்னவோ விளக்கினார். எனக்கு மலையாளம் பாதிதான் புரியும். புரியாத பாதிக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

படகை ஓட்ட ஒரு பெண்மணியை நியமித்தோம். நாற்பதைத் தாண்டியவர். ஒன்பது வருடம் அல்சூரில் ஆட்டோ ஓட்டியவர், இப்போது ஹெப்பகோடியில் வாடகை வீடு. நேர்காணலில் சங்கத் தலைவர், "போட் ஓட்டத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். "பெங்களூர் டிராபிக்ல ஓட்டியிருக்கேன் சார், தண்ணில இன்னா, எதுர்ல ஒருத்தனும் வர மாட்டான்" என்றார். அதற்கு மேல் கேட்க எங்களிடம் கேள்வி இல்லை. இரண்டே நாளில், கோலத்துக்குப் புள்ளி வைத்தமாதிரி நேர்நேராகப் படகை விட்டுச் செடியை வாரத் தொடங்கினார். ஒரு மாதத்தில் எங்கள் பால்கனியிலிருந்து நிஜமாகவே தண்ணீர் தெரிந்தது.

ஒருநாள் காலை நடைப்பயிற்சியில் அவரைப் பார்த்து, வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஆட்டோவுல ஆரன் சத்தத்துலயே காது போயிடுச்சு சார். இங்க வந்தப்புறம்தான் தலவலி மாத்திரை வாங்கறத வுட்டேன்" என்றார். கொஞ்சம் நின்று, "நாலு மணிக்கு ஊட்டுக்குப் போயிடறேன் சார். பொண்ணு காலேஜ்லேர்ந்து வந்தா நான் கதவத் தொறக்கறேன். ஆட்டோ ஓட்டறப்ப அவதான் எனக்குக் கதவத் தொறப்பா" என்றார். இந்த வேலை அவருக்கு என்ன என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. எனக்கும் அது நன்றாகவே புரிந்தது. புரிந்தவன் பிறகு செய்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்றைக்குச் சக்கரம் வைத்த எதுவும் பொட்டில்லாமல் வெளியே வராது. படகுக்குச் சக்கரம் இல்லாவிட்டாலும் விட மனசில்லை. வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தோம். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். கடைசியில் படகின் மூக்குக்கு அடியில் தண்ணீரோரமாக வைத்துப் படகை நகர்த்தினோம். பழம் நசுங்கவில்லை. குதித்து மிதந்து போய்விட்டது. இது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று எல்லோரும் தலைவர் முகத்தைப் பார்த்தோம். மாநில அரசில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் உடனே ஓர் உத்தரவு இருக்கும். "வாட்டர் வெஹிகிள் சார், அப்படித்தான் போகும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சந்தனக் கிண்ணத்தை நான் வாங்கிக்கொண்டேன். தொழில்நுட்பப் பொறுப்பாளன் அல்லவா? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, அதன்மேல் வைக்கக் குங்குமத்தை நெய்யில் பிசைந்து, உதிராதபடி ஏற்பாடு செய்திருந்தேன். ஓட்டுநரம்மா, "ஸ்டேரிங்குக்கு நடுவுல ஒண்ணு, இன்ஜினுக்கு ஒண்ணு, போதும் சார்" என்றார். ஒன்பது வருட ஆட்டோ அனுபவம் பேசியது. எனக்கா போதும்? கியர் நெம்புகோலுக்கு ஒன்று, சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, ஒவ்வொரு நட்டுக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டே போனேன். ஸ்டியரிங்கின் உச்சியிலிருந்த கறுப்பு மூடி என்னை வாவென்று அழைத்தது. வட்டமாக, வழவழப்பாக, பொட்டுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. அதன் நடுவில் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். என் போனை ஓட்டுநரம்மாவிடம் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். மூடியின்மேல் கட்டைவிரல், முகத்தில் முப்பத்திரண்டு பல். படம் எனக்கே ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று சாயங்காலமே அதை என் வாட்ஸ்அப் முகப்புப் படமாக்கினேன்.

பூஜையில் வைத்த பொட்டை எங்கள் பக்கம் யாரும் துடைப்பதில்லை. அதுவாக உதிரும்வரை விட்டுவிடுவோம். என் கார் ஸ்டியரிங்கில் போன வருடத்துப் பொட்டின் தழும்பு இன்னும் இருக்கிறது.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் ஓட்டுநரம்மா போன் செய்தார். சக்கரத்தின் தண்டோரமாக எண்ணெய் கசிந்து மடியில் சொட்டுகிறதாம். மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் போகும் வழியில் போய்ப் பார்த்தேன். தண்டைத் தடவினேன், குழாய்களைத் தடவினேன், குனிந்து அடியில் பார்த்தேன். கை காய்ந்தபடியே திரும்பியது.

"ஒண்ணும் இல்லையேம்மா?"

"காலைல இருக்காது சார். மதியானம்தான் ஒழுவுது. வெயில் ஏறினா போதும், சொட்டு சொட்டா வரும்."

"எண்ணெய்க்கு மணி பார்க்கத் தெரியாதும்மா" என்றேன். இந்தப் பதில் எனக்கே பிடித்துப்போனது. ஆபீஸில் இரண்டு பேரிடம் சொல்லிக் காட்டினேன்.

அடுத்த மூன்று வாரம் நான் செய்த ஆராய்ச்சிகளை இப்போது நினைத்தால் காது சிவக்கிறது. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர், ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வைத்தால் எது நனைகிறதோ அங்கேதான் கசிவு என்றார். சுற்றினேன். மறுநாள் காலைப் பனியில் எல்லாக் காகிதமும் நனைந்திருந்தது. அப்படிப் பார்த்தால் படகின் கைப்பிடியும் கசிந்தது, நங்கூரமும் கசிந்தது. அடுத்து, பவுடர் தூவினால் எண்ணெய்த் தடம் தெரியும் என்று இன்னொருவர் சொன்னார். மனைவியின் பவுடர் டப்பாவோடு கிளம்பினேன். அவள் ஒரு வங்கியில் அதிகாரி. நாள் முழுக்க அடுத்தவர் சொல்லும் கதைகளைச் சரிபார்த்துப் பழகியவள். வாசலிலேயே பிடித்துவிட்டாள்.

"பொட்டு வெச்சாச்சு, இப்ப பவுடரும் அடிக்கப் போறீங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எப்ப வராங்க?"

"இது டயக்னாஸ்டிக்ஸ்" என்றேன்.

"அந்தம்மாதான் மத்தியானம் ஒழுகுதுன்னு சொல்றாங்களே. ஒருநாள் மத்தியானம் போய்ப் பாத்தா என்ன?"

மத்தியானம் எனக்கு மீட்டிங்குகள் இருந்தன. மூன்று மணிக்கு ஒரு கப்பலே மூழ்கினாலும் நான் காலெண்டரைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

பவுடரும் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் எண்ணெய் மட்டும் குறைந்திருந்தது. அதனால் ஊற்றினேன். மூடியைச் சுற்றி ஸ்பேனரைப் பதமாகப் பிடித்து, மேலே இருந்த பொட்டு துளிகூடக் கலையாமல் திறந்து, உள்ளே விளிம்பு வரைக்கும் ஊற்றி, அதே பக்தியோடு மூடினேன். விற்றவர் எண்ணெயை மூடியின் கழுத்துக்குக் கீழே நிறுத்தச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் காபி ஊற்றுகிற மாதிரி நான் ததும்பத் ததும்ப ஊற்றினேன். இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் கசிவு கொஞ்சம் கூடியது. அதை நான் கவனித்தேன். கவனித்து, எண்ணெயின் தரம் சரியில்லை என்று முடிவு செய்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை, குழாய் இணைப்புகளில்தான் கோளாறு என்று தீர்மானித்து ஒன்றைக் கழற்றினேன். குழாய் மாட்டும்போது பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கி மாட்டினேன். தலைவரையும் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிக் காட்டப் போனேன். நடு ஏரிவரை படகு ஒழுங்காகப் போனது. அங்கே சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் திருப்பினேன். பஞ்சு மூட்டையைத் திருகுகிற மாதிரி கொழகொழவென்று சுற்றியது. நான் கழற்றி மாட்டியதில் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. படகு ஓர் ஓரமாகச் சாய்ந்து, ஏரி நடுவே நிதானமாக வட்டம் போடத் தொடங்கியது. கரையில் நடந்துகொண்டிருந்த குடியிருப்புவாசிகள் நின்று கையசைத்தார்கள். சிலர் வீடியோ எடுத்தார்கள். நாலாவது சுற்றில் தலைவர் என்னைப் பார்க்காமலே, "பிரதட்சணம் முடிஞ்சுதா சார்?" என்று கேட்டார்.

இன்ஜினை அணைத்துவிட்டு, கயிறு வீசி இழுக்கச் சொல்லித்தான் கரைக்கு வந்தோம். ஓட்டுநரம்மா வந்து அந்த டேப்பைப் பிரித்துப் போட்டார். நான் எண்ணெய் ஊற்ற, அவர் சக்கரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பொறுமையாகச் சுற்றிச் சுற்றி, குமிழி குமிழியாகக் காற்றை வெளியே எடுத்தார். இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "விடுங்க சார், எனக்கும் மொத தபா ஆட்டோ இப்டித்தான் சுத்துச்சு" என்றார். மடியில் ஒரு பழைய துண்டை விரித்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார். அந்தத் துண்டு எண்ணெயில் ஊறிக் கலீஜாகியிருந்ததை நான் பார்த்தேன்.

வட்டமடித்த வீடியோ எல்லாக் குழுக்களிலும் வந்துவிட்டது. என் மானம் ஏரியோடு போயிற்று. அதைத் திரும்பப் பிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, பவர்பாயின்ட். முப்பது வருட சாஃப்ட்வேர் வாழ்க்கையில் நான் கற்றது இதுதான்: கோளாறுக்குக் காரணம் தெரியாவிட்டால், அதைப் பயன்படுத்துகிறவர்தான் காரணம். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் பதினொரு ஸ்லைடு போட்டேன். நான் சோதித்தபோதெல்லாம் கசிவு இல்லை. ஓட்டுநர் ஓட்டும்போது மட்டும் கசிவு இருக்கிறது. ஆட்டோ ஹேண்டில்பாரை வெட்டித் திருப்பிப் பழகிய கை, ஸ்டியரிங்கையும் அப்படியே திருப்புகிறது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தண்டோரமாக வெளியே வருகிறது. கடைசி ஸ்லைடில் சக்கரத்தின் மேல் அவருடைய கையின் படம். மேலே பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் 'ரூட் காஸ்'. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வட்டமடித்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

நான் எதிர்பார்த்தது, அவருக்கு ஒரு பயிற்சி கொடுங்கள் என்று சொல்வார்கள் என்பதுதான். தலைவர் உடனே உத்தரவைப் போட்டார்: "எண்ணெய் ஏரியில விழுந்தா பர்மிஷன் போயிடும். ரிஸ்க் பேடா, வேண்டவே வேண்டாம். அடுத்த மாசத்திலேர்ந்து கான்ட்ராக்ட்காரர் ஆள் போடட்டும். டெக்னிக்கல் ஹெட் நீங்கதானே சார், அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க." என் வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது. ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். மறுத்தால் பதினொரு ஸ்லைடும் பொய் என்றாகுமே. சரி என்றேன்.

நாலு நாள் தள்ளிப்போட்டேன். போனை எடுப்பேன், வைப்பேன். நாலு மணிக்கு அவர் போய் மகளுக்குக் கதவைத் திறப்பது என் கண்ணுக்குள்ளேயே நின்றது. மறுபடி ஆட்டோ என்றால் மறுபடி ஹாரன், மறுபடி மாத்திரை, மறுபடி அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து அம்மாவுக்குக் கதவைத் திறக்க வேண்டும். வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிவிட்டு, மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஏரிக்கரைக்குப் போனேன். கரைக்கு நான் மத்தியானத்தில் போனது அதுதான் முதல் தடவை.

செடி ஏற்றும் லாரி வரவில்லை என்று படகைப் பன்னிரண்டுக்கு முன்பே கட்டிப் போட்டிருந்தார்கள். ஓட்டுநரம்மா தூரத்தில் ஒரு மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடட்டும், அதற்குள் எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்க்கலாம் என்று, படகில் ஏறி அவருடைய இருக்கையில் உட்கார்ந்தேன். வெயில் சுள்ளென்று ஸ்டியரிங்கின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. "நிர்வாகம் ஒரு முடிவெடுத்திருக்கும்மா" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாக இல்லை. "உங்க நல்லதுக்குத்தான்" என்று தொடங்கினேன். என் பேன்ட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

குனிந்து பார்த்தேன். சக்கரத்தின் தண்டோரமாக அடுத்த சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. என் இரண்டு கையும் என் முழங்காலில் இருந்தன. ஓட்டுநரம்மாவின் கையில் மோர்சாதம் இருந்தது. ஒன்றரை மணி நேரமாக அந்தச் சக்கரத்தை யாரும் தொடவில்லை. பதினொரு ஸ்லைடும் அந்த இடத்திலேயே செத்தன.

வெயில் ஏறினா போதும் என்று அவர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. சூடானால் எண்ணெய் விரியும். இது பட்டம் கூட வேண்டாம், பள்ளிக்கூடப் பாடம். விரிந்தால் உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழி வேண்டும். வழி இருந்தால் அது ஏன் தண்டோரமாக முட்டிக்கொண்டு வருகிறது? கையில் ஸ்பேனர் இல்லை. கைக்குட்டையால் அந்தக் கறுப்பு மூடியைப் பிடித்து மெல்லத் திருகினேன். குக்கர் வெயிட்டைத் தூக்கினமாதிரி 'புஸ்'ஸென்று சீறி, என் சட்டையெல்லாம் எண்ணெய் தெறித்தது.

சத்தம் கேட்டு ஓட்டுநரம்மா கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார். நான் மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி நுழையும் துளை இருந்த இடத்தில் கல்லாய் இறுகிய சந்தனம், அதற்குமேல் கறுத்துப்போன குங்குமம். வெயிலில் காற்று வெளியேற விற்றவர் தொட்டுக் காட்டிய ஒரே வழியை, கட்டைவிரலால் அழுத்தி, நெய் போட்டுப் பூசி அடைத்திருக்கிறேன்.

"இது..." என்றேன்.

"அது நீங்க வெச்ச பொட்டு சார்" என்றார் அவர். "தெனம் சாயங்காலம் எல்லாத்தையும் தொடச்சுட்டுத்தான் போவேன். அத மட்டும் தொட மாட்டேன். பூஜ பொட்டாச்சே, அதுவும் நீங்க வெச்சது."

துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, துளைக்குள் விட்டு மெல்ல நெம்பினார். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மூடிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துவிட்டு மூடியைப் போட்டோம். தண்டைத் துடைத்துவிட்டு இருவரும் வெயிலிலேயே பக்கத்தில் நின்று பார்த்தோம். கால்மணி நேரம் ஆயிற்று. ஒரு சொட்டு வரவில்லை.

"ஆபீஸ் இல்லியா சார் இன்னிக்கு? இந்நேரத்துல வந்துருக்கீங்க?" என்று கேட்டார்.

பொய் சொல்ல நாலைந்து வாக்கியம் தயாராக வந்தது. சட்டையில் எண்ணெய் வழிய நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. "உங்கள வேலையிலேர்ந்து நிறுத்தறதுக்கு முடிவாகியிருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

"தெரியும் சார்." அவர் குரல் உயரவில்லை. "காலைல கான்ட்ராக்ட் ஆளு வந்து படகப் பாத்துட்டுப் போனான். நான்தான் ஒடச்சேன்னு சொன்னான். கம்ப்யூட்டர்ல என் கை போட்டோலாம் போட்டு நீங்க காட்டினீங்களாமே. எங்க, காட்டுங்க பாப்போம்."

போனை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், பிறகு மறுபடி படத்தை. "மேல இன்னா சார் எழுதியிருக்கு?"

ஆங்கிலத்தில் எழுதும்போது அது எவ்வளவு மரியாதையாக இருந்தது! தமிழில், அவர் முகத்துக்கு நேரே நான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. "கோளாறுக்குக் காரணம்னு எழுதியிருக்கு" என்றேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். அத்தனை வருட ஆபீஸ் வாழ்க்கையில் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்குப் பட்ட அவமானம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

கரையிலேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து குழுவுக்குச் செய்தி எழுதினேன். எழுதி முடித்ததும், "படிங்க சார்" என்றார். படித்தேன்: "ஸ்டியரிங் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தது இன்று கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. ஓட்டுநர் மீது தவறில்லை."

"யாரு அடச்சதுன்னு அதுல இல்லியே சார்."

இல்லைதான். முப்பது வருடமாக நான் எழுதும் எல்லா அறிக்கையிலும் தப்புகள் தாமாகவே நடக்கும். செய்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். எழுதியதை அழித்தேன். மறுபடி எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் சின்ன வட்டத்துக்குள் என் முகம் சிரித்தது. தட்டிப் பெரிதாக்கினேன். கறுப்பு மூடி. அதன் துளைமேல் என் கட்டைவிரல். முப்பத்திரண்டு பல். ஒரு மாதமாகக் குழுவில் நான் அனுப்பிய ஒவ்வொரு ஆராய்ச்சிக் குறிப்பின் பக்கத்திலும் அந்தப் படம் இருந்திருக்கிறது. கசிவுக்குக் காரணம் எதுவென்று கேட்டு நான் எழுதிய கேள்விகளுக்குப் பக்கத்திலும் அதேதான்.

அந்தப் படத்தையே குழுவில் போட்டேன். கீழே, "ரூட் காஸ் இது. துளையை அடைத்தது என் விரல். என்னுடைய கடைசி ஸ்லைடு பொய். அவரை நிறுத்தினால் நான் எல்லாப் பொறுப்பிலிருந்தும் விலகிவிடுவேன்" என்று எழுதினேன். பிறகுதான் தோன்றியது, நான் விலகுவதாகச் சொன்னது அவர்களுக்கு மிரட்டலாகத் தெரியுமா, சலுகையாகத் தெரியுமா என்று.

ஐந்து நிமிடத்தில் தலைவர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"நோடி சார், பாருங்க, இந்தப் போட்டோவ நாங்க எல்லாரும் ஒரு மாசமா பாத்துட்டுத்தானே இருக்கோம்!"

"ஆமா சார்."

"அப்ப அந்தம்மா திருப்பினதுல தப்பே இல்லையா?"

"அவங்க திருப்பாமலே ஒழுகிச்சு சார். நான் கண்ணால பாத்தேன்."

"சரி, கான்ட்ராக்ட்காரருக்கு நான் வேண்டாம்னு சொல்லிடறேன். அவங்களே இருக்கட்டும். மெஷின் விஷயமும் இனிமே அவங்ககிட்டயே விட்டுடுங்க. நீங்க..." என்று இழுத்தார். "நீங்க லிஃப்ட்டப் பாத்துக்குங்க. அதுல பொட்டு மட்டும் வேணாம்."

போனை வைத்தேன். மணி மூன்றரை. ஓட்டுநரம்மா படகில் ஏறி, இருக்கையில் கிடந்த எண்ணெய்த் துண்டை எடுத்துச் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டார். டிபன் பாக்ஸைப் பையில் வைத்தார். வீட்டுக்குக் கிளம்பும் நேரம். மகள் வந்துவிடுவாள். மன்னிப்புக் கேட்டேன். நின்று கேட்டுக்கொண்டார், பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது எனக்குச் சரியாகவே பட்டது.

சங்கடம் தாங்காமல், முதல் வேலையாக அந்த முகப்புப் படத்தையாவது எடுத்துவிடலாம் என்று போனை நோண்டத் தொடங்கினேன். வேறு நல்ல படம் தேடிக்கொண்டிருந்தேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே என் பக்கமாக வந்து, திரையை எட்டிப் பார்த்தார்.

"அத மாத்தாதீங்க சார்" என்றார். "அதுவா உதுர்ற வரைக்கும் இருக்கட்டும்."

இன்றுவரை மாற்றவில்லை.